பலகையில் 147

2025 பிப்ரவரி 9, ஞாயிறு. மாலை 5.42. எண்ணிக்கை: 88 பந்து, 11 ஸ்ட்ரைக்அவுட், 1 ரன். பலகை காட்டிய உச்ச வேகம் மணிக்கு 147 கி.மீ.

ஆறாவது இன்னிங்ஸில் விழுந்தது அந்த 147. மைக்கில் பேசுகிறவர் மூச்சே விடவில்லை. கூட்டம் நானூறு பேர் இருக்கும், நாலாயிரம் பேர் மாதிரி கத்தினார்கள். நீலாம்பூர் மைதானத்தில் முதல்முறையாக போண்டா தீர்ந்துபோனது.

அப்பா என்றாவது இந்த நோட்டைப் புரட்டினால் புரியட்டும் என்று எழுதுகிறேன். நான் பிட்சர். பதினெட்டரை மீட்டர் தள்ளி மட்டையாளன் நிற்பான், அவனுக்குப் பின்னால் கேட்சர் குந்தியிருப்பான். பந்து மட்டையாளனை ஏமாற்றிவிட்டு கேட்சர் கையுறைக்குள் போக வேண்டும். மூன்று நல்ல பந்தை விட்டானென்றால் அவன் காலி, அதுதான் ஸ்ட்ரைக்அவுட். பந்து தரையில் படாது. ஆகவே இது கிரிக்கெட் இல்லை. இனிமேல் "விக்கெட் எத்தனை?" என்று கேட்க வேண்டாம்.

டிசம்பர் தேர்வில் என் வேகம் 136. இரண்டே மாதத்தில் 11 கூட்டியிருக்கிறேன். சம்பளம் வாங்கிக்கொண்டு பேஸ்பால் ஆடும் இந்த முதல் சீசனில், ஆறு அணியிலும் இப்படி ஒருத்தன் கிடையாது. எங்கள் நொய்யல் ரெய்டர்ஸ் அணியில் மற்ற பிட்சர்களுக்கும் ஏறியிருக்கிறது. ஹரிசூதன் 130ஐத் தாண்டாதவன், இன்று 139. பயிற்சி சரியாக இருந்தால் எல்லாருக்கும் ஏறும்.

ரீகன் அண்ணன் மட்டும் பாராட்டவில்லை. எங்கள் கேட்சர், தூத்துக்குடிக்காரர், முப்பத்தொரு வயது. கையுறையைக் கழற்றி உள்ளங்கையை வெறிக்கப் பார்த்தார்.

"ஏல, 147ன்னு போட்டுருக்கான். என் கைக்கு அது தெரியலயே."

"உங்க கை மரத்துப் போச்சுங்ணா."

"இருக்கும்ல. பதினஞ்சு வருசம் அடி வாங்குன கை."

சட்டையில் செம்மண் கறை. சோப்பு இரண்டு முறை, போகவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய். காலை 9.

சௌடேஸ்வரி மேடம் அலுவலக அறைக்குக் கூப்பிட்டார். எங்கள் மேனேஜர். சாஃப்ட்பாலில் எட்டு வருடம் இந்தியாவுக்கு ஆடியவர். ஜப்பானில் ஒரு தனியார் லீக் அணி மெயில் அனுப்பியிருக்கிறது. ஏப்ரல் 10 முதல் மூன்று வாரம் தேர்வு முகாம். வெளிநாட்டுப் பிட்சருக்கு ஒரே நிபந்தனை: வேகம் 145க்கு மேல், அணியின் சான்றிதழோடு. கடைசி நாள் மார்ச் 15.

"போயிட்டு வா சாமி. அங்க நின்னுட்டயின்னா இங்க பொறக்கற பசங்களுக்கெல்லாம் ஒரு வழி தெறக்கும்" என்றார்.

இந்த ஊரிலிருந்து இதுவரை யாரும் போனதில்லை. நான் போவேன். வேறு எதற்காகவும் நான் அளவுக்கருவி சரிபார்க்கும் வேலையை விடவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்.

அப்பா நீலாம்பூர் பைபாஸில் பிளெக்ஸ் வைத்துவிட்டார். கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறவர். பந்தெறியவா டிப்ளமோ படிச்ச என்று ஒரு வருடம் முகம் கொடுத்துப் பேசாதவர். பிளெக்ஸில் நான் கண்ணை மூடிக்கொண்டு எறிகிறேன், பக்கத்தில் மின்னல். "147! கொங்கு மண்ணின் இடி!"

"மின்னல் படத்தைப் போட்டு இடின்னு எழுதியிருக்கீங்க."

"ஏன்டா, மின்னினா இடிக்காதா? உன்ற வேலையப் பாரு."

பிப்ரவரி 16, ஞாயிறு. சேலம். மதியம் 1.20. எண்ணிக்கை: 91 பந்து, 9 ஸ்ட்ரைக்அவுட், 2 ரன்.

ஜெயித்தோம். சேலம் பலகையில் என் உச்சம் 138.

கருவியைப் பார்த்தேன். சாய்வாகக் கட்டியிருக்கிறார்கள், உறையில் தூசி. சரிபார்த்த தேதியே இல்லை. இப்படி வைத்திருந்தால் 138 காட்டாமல் என்ன காட்டும்? அவர்களுடைய ஆளிடம் சொன்னேன். "எங்க பசங்களுக்கு எப்பவும் காட்டறதத்தானுங்க காட்டுது" என்றான். இப்படிப்பட்டவர்களோடு பேசிப் பயனில்லை.

பிப்ரவரி 17.

சேலத்துக் கருவியில் பேட்டரி பழசு. அவ்வளவுதான்.

பிப்ரவரி 20, வியாழன். காலை 7.15. எண்ணிக்கை: 110.

ரீகன் அண்ணனின் போனில் நொடிக்கு 240 படம் எடுக்கலாம். என் பந்தை எடுத்தார். கையை விட்டதிலிருந்து கையுறையில் விழும்வரை எத்தனை படம் என்று எண்ணினால் வேகம் தெரிந்துவிடும். நான் எட்டி எறியும் ஒரு மீட்டரைக் கழித்தால், பலகை 147 காட்டிய பந்து 103 படத்தில் வந்து சேர வேண்டும்; படம் கூடினால் வேகம் குறைவு.

எண்ணினேன். 110. மறுபடி எண்ணினேன். 110. வேறொரு பந்து. 110.

போன் சூடாகிவிட்டால் படங்களைச் சரியான இடைவெளியில் எடுக்காது. அண்ணனிடம் அதைச் சொன்னேன்.

"காலையில ஏழு மணிக்கு என்னல சூடு?" என்றார்.

டிஃபனுக்குப் போனோம். பேச்சை மாற்றிவிட்டேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு. எண்ணிக்கை: 94 பந்து, 8 ஸ்ட்ரைக்அவுட், 3 ரன். உச்சம் 146.

ஹரிசூதனைப் பெங்களூர் அணி கேட்டிருக்கிறதாம். அடுத்த சீசனுக்கு. 139 இன்னும் இரண்டு ஆட்டத்தில் நின்றால் கையெழுத்து. எல்லாருக்கும் பப்ஸ் வாங்கிக் கொடுத்தான். நான் சாப்பிடவில்லை. பசியில்லை.

பிப்ரவரி 26, புதன். காலை 8.05.

எழுதித்தான் ஆக வேண்டும்.

இந்த மைதானத்து வேகக் கருவியைப் பொருத்தியவன் நான். ஜனவரி 5. "நீதான் அளவுக்கருவி படிச்சவனாச்சே" என்று மேடம் கொடுத்தார். கருவி சரியா என்று பார்க்கக் கூடவே ஒரு டியூனிங் ஃபோர்க் வரும். இரண்டு கால் உள்ள சின்ன அலுமினியக் கவை. தட்டினால் ஒரே சீராக அதிரும். அதைக் கருவி முன்னால் பிடித்தால் 96 காட்ட வேண்டும். அன்று 90 காட்டியது. கருவி குறைவாகக் காட்டுகிறது என்று முடிவுகட்டினேன். பலகைக்குள் ஒரு பெருக்கல் எண் இருக்கிறது. அதை ஏற்றி 96 வரவைத்தேன். மொத்தம் பத்து நிமிடம். இதற்கு எதற்கு இரண்டு நாள் என்று மற்றவர்களைக் கேலிகூடச் செய்தேன்.

சோதிக்கும் முன்னால் ஒன்று செய்திருக்கிறேன். கம்பெனியில் எந்தக் கருவி கைக்கு வந்தாலும் முதல் வேலை, எண் பொறித்த தகடு ஒட்டுவது. மூன்று வருடப் பழக்கம், கை தானாகச் செய்யும். ஃபோர்க்கிலும் ஒட்டினேன். காலின் நுனியில். எபாக்ஸி பசை போட்டு, அழுத்தமாக.

நுனியில் எடை கூடினால் அதிர்வு குறையும். ஒன்பதாம் வகுப்புப் பாடம்.

இன்று காலை தகட்டைப் பெயர்த்தேன். அரை கிராம் இருந்தால் அதிகம். தட்டிப் பிடித்தேன். பலகை 102 காட்டியது. கருவி முதல் நாளிலிருந்தே சரியாகத்தான் இருந்திருக்கிறது. கெடுத்தவன் நான்.

147ஐ அந்தப் பெருக்கல் எண்ணால் வகுத்தால் 138.

சேலத்துக் கருவியில் பேட்டரி பழசில்லை.

பிப்ரவரி 27.

யாரிடமும் சொல்லவில்லை. ஃபோர்க் பையில் இருக்கிறது.

பிப்ரவரி 28.

சொல்லவில்லை. ஷூவுக்குத் தையல் போட்டேன்.

மார்ச் 2, ஞாயிறு. எண்ணிக்கை: 97 பந்து, 6 ஸ்ட்ரைக்அவுட், 5 ரன். தோல்வி. உச்சம்: எழுதப்போவதில்லை.

மார்ச் 3, திங்கள். காலை 10.

ரீகன் அண்ணனிடம் சொன்னேன். கையுறைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"நான் ஒரு மாசமா சொல்லுதேன்ல. கைக்குத் தெரியும்."

"இப்ப என்ன பண்றதுங்ணா?"

"படிவத்துல 147ன்னு போடு. பிளேன் ஏறு. அங்க போயி எறங்குனதும் குளுரு ஒத்துக்கலன்னு சொல்லு. ஒரு மாரி கைய உதறிக்கிட்டே இரி. மூணு வாரம் ஓடிரும். ஊரப் பாத்துட்டு வா."

"வெளையாடாதீங்க."

"வெளையாடலல. பதினஞ்சு வருசமா நான் சாதனை பண்ண ஒரே கப்பு திருச்செந்தூர்ல வாங்குனது. அதுலயும் எம்பேர 'ரீகண்'ன்னு மூணுசுழி போட்டு எழுதிட்டான். உனக்கு ஒரு வாசல் தெறந்திருக்கு. அதப் போயி நீயே சாத்துவியா?"

பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். கேள்வி சரியான கேள்விதான். அதனால்தான் எரிச்சல்.

மார்ச் 4, செவ்வாய். காலை 11.30.

மேடம் மேஜையில் சான்றிதழ் தயாராக இருந்தது. 147. கையெழுத்து, முத்திரை, எல்லாம். நான் ஃபோர்க்கையும் தகட்டையும் அதன் மேல் வைத்தேன். முழுவதும் சொன்னேன். ஐந்து நிமிடம் ஆனது.

பிறகு, "வேற யாருக்குத் தெரியும்?" என்றார்.

"ரீகன் அண்ணனுக்கு."

"அதோட நிறுத்து. லீக் முடியட்டும், நானே கமிட்டிக்குச் சொல்றேன்."

"இந்தச் சான்றிதழ்?"

"அது போகட்டும் விடு."

"முடியாதுங்க. 138ன்னு வேற எழுதிக் கொடுங்க. பலகையையும் இன்னைக்கே மாத்தறேன். நான் வெச்ச எண்ணு. நானே எடுக்கறேன்."

எழுந்துவிட்டார். "லோகு, எடுத்தா நீ ஒருத்தன் மட்டும் எறங்க மாட்ட. ஹரி 139லருந்து 130க்குப் போவான். அவனப் பெங்களூர்க்காரன் எடுப்பானா? உனக்குப் பெரிய இவன்னு பேரு வேணுமா? அவன் சோத்துல மண்ணு போட்டுத்தான் வாங்குவியா?"

அதற்கு நான் தயாராக வரவில்லை. ஆனால் என் வாய் நிற்காது.

"138ன்னா உங்களுக்கு அவமானமா மேடம்? இந்த சீசன்ல அறுபத்துநாலு பேர நான் ஸ்ட்ரைக்அவுட் பண்ணிருக்கேன். அதுல ஒருத்தன்கூட 147ல அவுட் ஆகல. 147ங்கற பந்தே கெடையாது. அத்தன பேரும் 138லதான் அவுட். சேலத்துக்காரனுக்கு என்ற வேகம் அன்னைக்கே தெரியும், அவங்க பலகையிலயே இருந்துச்சு. தெரிஞ்சும் ஒம்போது பேர் போனாங்க. நம்ம பலகைக்கு எதுக்கு நான் பொய் சாட்சி சொல்லோணும்?"

மேடம் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆட்கள் மைதானத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தகடு ஒட்டறதுக்கு முன்னாடி இந்த வாய் எங்கடா போச்சு?" என்றார்.

பிறகு பழைய சான்றிதழை நாலாகக் கிழித்தார். புதிய தாளில் 138 என்று கையாலேயே எழுதினார். கையெழுத்தில் பேனா அழுந்திக் காகிதம் கிழிந்தது.

மதியம் பெருக்கல் எண்ணை எடுத்துவிட்டேன். புதிய சான்றிதழோடு ஜப்பானுக்கு மெயில் அனுப்பியாகிவிட்டது. அப்பாவிடமும் சொன்னேன். லேத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ஃபோர்க்கு மேல தகடு ஒட்டினியா?"

"ஆமாங்ப்பா."

"அதிர்ற சாமானத்து மேல?"

"ஆமாங்."

"டிப்ளமோவ எந்தக் கடையில வாங்கின?" என்று கேட்டுவிட்டு மறுபடி லேத்தைப் போட்டார். சத்தத்துக்கு நடுவே இன்னும் ஏதோ சொன்னார். கேட்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு. மாலை 6.10. எண்ணிக்கை: 104 பந்து, 7 ஸ்ட்ரைக்அவுட், 4 ரன். தோல்வி, 3க்கு 4. உச்சம் 138.

மேடம் ஆட்டத்துக்கு முன்னால் மைக்கில் அறிவிக்கச் சொன்னார். பலகையில் பிழை இருந்தது, திருத்தியிருக்கிறோம் என்று. என் பெயரைச் சொல்லவில்லை. நானே மைக்கை வாங்கிச் சொன்னேன், பிழை செய்தது லோகேஷ்வரன், பிட்சர், எண் 19 என்று. மைக்கைத் திருப்பிக் கொடுத்தேன். கூட்டத்தில் ஒருவன், "அப்ப போண்டா காச யார் தருவா?" என்றான். சிரிப்பு.

முதல் பந்து 136. "ஊஊ" என்று ஊளை. இரண்டாவது 135. தோளில் இருக்கிற எல்லாவற்றையும் போட்டு எறிந்தேன். பந்து மட்டையாளனுக்கு எட்டாமல் வெளியே போனது. வரிசையாக மூன்று பேருக்கு நாலு நாலு கெட்ட பந்து போட்டு, அடிக்காமலே தளத்துக்கு நடக்கவிட்டேன். நாலாவது ஆள் வேலிக்கு மேல் தூக்கிவிட்டான். தளத்தில் நின்ற மூவரோடு அவனும் சேர்ந்து நாலு ரன். இன்னும் ஒருவரைக்கூட அவுட் ஆக்கவில்லை.

ரீகன் அண்ணன் முகமூடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு நான் நின்று எறியும் மேட்டுக்கு நடந்து வந்தார்.

"ஏல, பலகையில என்ன படம் ஓடுது?"

"படம் இல்லீங்ணா."

"பின்ன எதுக்கு ஒவ்வொரு பந்துக்கும் திரும்பித் திரும்பிப் பாக்க? நான் இங்கன முட்டி தேய குத்தவச்சிருக்கேன். என்னயப் பாரு. அழகா இருப்பேன்."

"கேவலமா இருக்கீங்க."

"அப்பம் கையுறையப் பாரு. அந்த மெதுவா வாறத கொண்டா. நீ அதுக்குத்தாம்ல பொறந்த."

மெதுவாக வருவது 118. அதை எறியும்போதும் என் கை வேகப் பந்துக்கு வருகிற அதே வேகத்தில்தான் வருகிறது. இது எனக்குத் தெரியாமலில்லை, மதிக்காமல் இருந்தேன். 138க்குத் தயாரானவனுக்கு 118 வந்தால் மட்டை முன்னாலேயே சுற்றிவிடுகிறது. 118க்குக் காத்திருந்தால் 138 அவனைக் கடந்துவிடுகிறது. இடைவெளி 20. 147 என்று நம்பிக்கொண்டிருந்த நாளிலும் இதே வேலைதான் செய்திருக்கிறேன். பெருமையை மட்டும் வேறொன்றுக்குக் கொடுத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. எட்டாவது இன்னிங்ஸ் முடிந்து இறங்கியபோது ஊளை இல்லை. கைதட்டலும் பெரிதாக இல்லை. பரவாயில்லை.

மார்ச் 10, திங்கள்.

ஹரிசூதன் மைதானத்து வாசலில் நின்றிருந்தான். அவன் நேற்று ஒரு இன்னிங்ஸ் எறிந்தான். உச்சம் 130.

"பெங்களூர்க்காரங்க போனே எடுக்கல" என்றான். "உண்மை பேசிட்ட. கைதட்டறேன். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டயாடா?"

"கேட்டிருந்தா என்ன சொல்லிருப்ப?"

"வேண்டாம்னிருப்பேன்."

"அதான் கேக்கல."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டான். நான் செய்தது சரிதான். இப்போதும் அதையேதான் நினைக்கிறேன்.

கேட்டிருக்கலாம்.

மார்ச் 12, புதன். காலை 9.40.

ஜப்பானிலிருந்து பதில். நான்கு வரி. நேர்மைக்கு நன்றி. 145க்குக் குறைந்த வெளிநாட்டுப் பிட்சர்களைப் பரிசீலிப்பதில்லை. வருந்துகிறார்கள். வாழ்த்துகிறார்கள்.

மேடம் படித்துக் காட்டிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தார். "காப்பி சாப்பிடறியா?" என்றார். வேண்டாமென்றேன். அவரே போட்டுக் கொண்டுவந்தார். சர்க்கரை போட மறந்திருந்தார். குடித்தேன்.

சட்டையை மறுபடி ஊறவைத்தேன். அந்தச் செம்மண் கறை போய்விட்டது. துவைத்துக்கொண்டே வெகுநேரம் இருந்தேன், கை விரல்கள் சுருங்கும்வரை.

மார்ச் 15, சனி. மதியம் 12.15. எண்ணிக்கை: இந்த சீசனில் 812 பந்து, 71 ஸ்ட்ரைக்அவுட்.

இன்று ஜப்பான் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். கெஞ்சி ஒரு மெயில் எழுதிப் பார்த்தேன். அழித்தேன். எனக்கு வராது.

பதிலாக வேறொன்று அனுப்பினேன். 812 பந்தும் ஒவ்வொரு வரியாக. எந்த மட்டையாளன், எந்த இடம், உண்மையான வேகம், என்ன ஆனது. மூன்று நாள் உட்கார்ந்து வீடியோ பார்த்து நிரப்பியது. மேலே இரண்டு வரி எழுதினேன்: "உங்கள் 145 ஒரு சல்லடை. இந்த 71 பேரும் அதில் தங்காத பந்துக்குத்தான் அவுட் ஆனார்கள், சல்லடையைச் சோதித்துப் பாருங்கள்." மேடம் படித்துவிட்டு, "இது மெயிலா, சண்டையா?" என்றார். அனுப்பாதே என்று சொல்லவில்லை.

பதில் வராது என்றே வைத்துக்கொள்கிறேன். இனிச் செய்யப்போவது:

1. நாளைக் காலை ஹரிசூதன் எறிவதை வீடியோ எடுப்பது. அவன் பந்தைப் பிடிக்கும் விதம் தவறு. ஜனவரியிலேயே தெரியும், போட்டியாளன் என்று சொல்லாமல் இருந்தேன். இப்போது சொல்வது. திட்டினால் நின்று வாங்கிக்கொள்வது.

2. பெங்களூர் அணிக்கு நானே போன் செய்வது. பிழை என்னுடையது, அவனுடையது இல்லை என்று சொல்வது. எடுக்கும்வரை செய்வது.

3. பைபாஸ் பிளெக்ஸை இறக்குவது. அப்பா வரமாட்டேன் என்கிறார். 147ஐ மட்டும் அடித்து 138 என்று எழுதினால் போதுமாம். பெயின்ட்கூட வாங்கி வைத்துவிட்டார். பேசித் தீர்ப்பது.

4. மற்ற ஐந்து மைதானங்களின் கருவிகளையும் சரிபார்க்க அனுமதி கேட்டு லீக்குக்கு எழுதுவது. இந்த முறை இரண்டு நாள் எடுத்துக்கொள்வது.

5. மெதுவான பந்தை 118லிருந்து 114க்கு இறக்குவது. வேகப் பந்தை 140க்கு ஏற்றுவது. எல்லாரும் அளக்கட்டும்.

6. மார்ச் 22, சனி, மாலை 3 மணி, சேலத்தில் அரையிறுதி. அவர்களுடைய நாலாவது மட்டையாளனுக்கு முதல் பந்தே வேகப் பந்து, நெஞ்சுயரம், நடுவில். 138தான் வரும் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தே அடித்துப் பார்க்கட்டும்.